புட் ஆஃப்: தள்ளிப்போடுவதா, ரத்து செய்வதா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் 'த மீட்டிங் ஹாஸ் பீன் புட் ஆஃப்' என்று வந்தது. கூட்டம் ரத்து என்று எடுத்துக்கொண்டேன். சக ஊழியர், ஒத்திவைத்திருக்கிறார்கள் என்கிறார். எது சரி?

பதில்: சக ஊழியர் சொன்னதுதான் சரி. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. கூட்டம் உண்டு, ஆனால் இன்றைக்கு இல்லை. ரத்து செய்வதற்குச் சொல் கால் ஆஃப். மின்விசிறியை ஆஃப் செய்து பழகிய நமக்கு, ஆஃப் என்றாலே 'நின்றுபோனது' என்று தோன்றிவிடுகிறது. இந்த இடத்தில் அதன் பொருள் 'அப்பால்'. கையிலுள்ள வேலையை எடுத்து அப்பால் வைக்கிறோம். நம் 'தள்ளிப்போடு' காட்டும் படமும் இதுவேதான். அப்படியே மனதில் பதித்துக்கொண்டால் மறக்காது.

புது நாளைச் சொல்லும்போது அன்டில் வரும்: 'புட் ஆஃப் அன்டில் மண்டே'. எத்தனை காலம் என்று சொல்ல ஃபார் வரும்: 'புட் ஆஃப் ஃபார் டூ வீக்ஸ்'. இரண்டையும் கலந்து 'புட் ஆஃப் ஃபார் மண்டே' என்று எழுதாதீர்கள். முறையான சுற்றறிக்கை என்றால் போஸ்ட்போன் பொருத்தமாக இருக்கும்; புட் ஆஃப் பேச்சுக்கு நெருக்கமான சொல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழில் 'ஒத்திவைப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். நடந்துகொண்டிருக்கும் விசாரணையையோ அவையையோ பாதியில் நிறுத்தி, பிறகு தொடர்வதாகச் சொன்னால் ஆங்கிலத்தில் அது அட்ஜர்ன். இன்னும் தொடங்காததைத்தான் புட் ஆஃப் செய்வார்கள்.

கேள்வி: 'ஐ புட் ஆஃப் த ட்ரிப்' சரியாம், 'ஐ புட் ஆஃப் இட்' தவறாம். ஏன் இந்தப் பாகுபாடு?

பதில்: பெயர்ச்சொல் ஆஃபுக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'புட் த ட்ரிப் ஆஃப்', 'புட் ஆஃப் த ட்ரிப்' இரண்டுமே சரி. இட், தெம், ஹிம் போன்ற பிரதிப்பெயர் மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'புட் இட் ஆஃப்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காரணம் காதிலேயே கிடைக்கும். இந்தத் தொடரில் அழுத்தம் விழுவது ஆஃப் மேல். அழுத்தமே பெறாத இட் கடைசியில் நின்றால் ஓசை தொங்கிப்போகும். வேகமாகப் பேசும்போது மூன்று சொல்லும் 'புட்டிட்டாஃப்' என்று ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். செயப்படுபொருள் நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காமல் கடைசிக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்த விதியை எல்லாத் தொடருக்கும் நீட்டிவிடக் கூடாது. லுக் ஆஃப்டர் பிரியாத தொடர், ஆகவே 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதே சரி.

வினைச்சொல்லைச் சேர்க்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 'ஐ புட் ஆஃப் டு கோ' தவறு, 'ஐ புட் ஆஃப் கோயிங்' சரி. தமிழை வைத்தே சோதித்துவிடலாம். 'போகத் தள்ளிப்போட்டேன்' என்று நாம் சொல்வதில்லை. 'போவதைத் தள்ளிப்போட்டேன்' என்கிறோம். அந்தப் 'போவதை'தான் கோயிங்.

இறந்தகாலத்திலும் புட் மாறாது, புட்டெட் என்று ஒரு வடிவமே கிடையாது. 'ஷீ புட்ஸ் இட் ஆஃப்' என்றால் அவள் வழக்கமாகத் தள்ளிப்போடுகிறாள். எஸ் இல்லாமல் 'ஷீ புட் இட் ஆஃப்' என்றால் தள்ளிப்போட்டாள். ஓர் எழுத்தில் காலமே மாறிவிடுகிறது.

கேள்வி: 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்று ஒரு கதையில் படித்தேன். வாடை எப்படி ஒருவரைத் தள்ளிப்போடும்?

பதில்: ஆளைச் செயப்படுபொருளாக்கினால் பொருள் வேறாகிவிடும். அந்த வாடை அவரை முகம் சுளிக்க வைத்தது, விருப்பத்தையே போக்கிவிட்டது என்று அர்த்தம். 'இட் புட் மீ ஆஃப் மை ஃபுட்' என்றால், அதனால் சாப்பாடே இறங்கவில்லை. 'டோன்ட் பீ புட் ஆஃப் பை த லெங்த்' என்றால், நீளத்தைப் பார்த்து மலைத்து விட்டுவிடாதீர்கள். இதிலிருந்து பிறந்த பெயரடை ஆஃப்-புட்டிங். ஒருவருடைய நடத்தை நம்மை அண்டவிடாமல் செய்தால் அப்படிச் சொல்வார்கள்.

ஆளைக் குறித்தே வேறு இரண்டு பொருள்களும் உண்டு. 'ஹி கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்' என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி இழுத்தடிக்கிறார். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சிரிப்பவரிடம் 'யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்' என்றால், உன்னால் என் கவனம் சிதறுகிறது. எதைக் குறிக்கிறது என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: விளக்கை அணைப்பதற்குப் புட் ஆஃப் சொல்லலாமா?

பதில்: சிலர் சொல்கிறார்கள், புரியவும் புரியும். பரவலாக வழங்குவது டர்ன் ஆஃப் அல்லது ஸ்விட்ச் ஆஃப். நெருப்பை அணைக்க மட்டும் இவை எதுவும் உதவாது, அதற்குப் புட் அவுட். விளக்குக்கும் நெருப்புக்கும் தமிழில் 'அணை' என்ற ஒரே சொல் இருப்பதால் இங்கே அடிக்கடி தவறு நேர்கிறது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் காலணியைக் கழற்றுவதற்கும் புட் ஆஃப்தான் வருகிறது. இன்று அதற்கு டேக் ஆஃப் என்றே சொல்லுங்கள்.