துணியில் மூடுபனி: எதை வாங்குவது, எதை வீட்டிலேயே எடுத்துக்கொள்வது?

கேள்வி: மூடுபனி சூழ்ந்த மலைக்காட்சியைத் துணியில் உருவாக்குவதற்கான பொருட்கள் அடங்கிய பெட்டி ஒன்று இணையத்தில் விற்கப்படுகிறது. சாயமேற்றிய துணித் துண்டுகள், ஆர்கன்சா (ஊடே பார்க்கக்கூடிய, சற்று விறைப்பான மெல்லிய துணி), எம்பிராய்டரி நூல், இஸ்திரி போட்டால் ஒட்டும் பசைத்தாள் ஆகியவை அதில் இருக்கின்றன. தனித்தனியாக வாங்கினால் இதில் பாதி விலைகூட ஆகாது என்று தோன்றுகிறது. வாங்கலாமா?

பதில்: ஒரே ஒரு காட்சியைச் செய்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் வாங்கலாம்; கைக்குட்டை அளவு தேவைப்படும் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி அலமாரியில் அடுக்குவதைவிட அது சிக்கனம்தான். தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். அந்தப் பெட்டியில் நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும் பொருட்களுக்குத்தான்.

மூடுபனித் தோற்றத்துக்கு விலை உயர்ந்த துணி தேவையில்லை. நமக்கும் தொலைவில் உள்ள மலைக்கும் இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், தூரம் கூடக்கூட மலை வெளிறி நீலம் பாய்ந்து தெரிகிறது. ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் குறைந்துகொண்டே போகிறது. இதைத் துணியில் கொண்டுவர மெல்லிய துணி அடுக்குகளே போதும். கரும்பச்சைத் துணியில் வெட்டிய மலை வடிவத்தின்மேல் சாம்பல் நிற ஆர்கன்சாவை ஓர் அடுக்கு விரித்துப் பாருங்கள், பச்சை அடங்கிவிடும். இரண்டாவது அடுக்கில் உள்விவரங்கள் மறையும். மூன்றாவதில் விளிம்புக்கோடு மட்டும் மிஞ்சும். ஆகவே கடைசி மலைக்கு மூன்று அடுக்கு, நடு மலைக்கு ஓர் அடுக்கு, முன்னால் இருப்பதற்கு ஒன்றுமில்லை என்ற கணக்கே பெரும்பாலும் சரியாக வரும். இதற்குப் புதிய ஆர்கன்சாதான் வேண்டும் என்பதில்லை, கழித்துப்போட்ட மெல்லிய திரைச்சீலையும் இதே வேலையைச் செய்யும்.

முதலுதவிப் பெட்டியில் இருக்கும் காஸ் துணியில் குறுக்கு நூல்கள் சிலவற்றை உருவிவிட்டு, மிச்சத்தை விரல்களால் பக்கவாட்டில் இழுத்தால், பள்ளத்தாக்கில் தேங்கிய பனியைப் போல ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் கலைந்தும் நிற்கும். எந்தப் பெட்டியிலும் இதைவிடச் சிறந்த பனி கிடைக்காது. காய்கறி வரும் வலைப்பையைக் கசக்கித் தைத்தால் புதராகும். பயன்படுத்திக் காயவைத்த தேநீர்ப் பையின் தாளில் உள்ள கறை பாறைக்குப் பொருந்தும், ஆனால் அந்தக் கறை நாளடைவில் மாறக்கூடியது.

மிச்சமாகும் பணத்தை அடித்துணிக்கும் நூலுக்கும் பசைத்தாளுக்கும் செலவிடுங்கள். அடித்துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக, வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டதாக இருக்கட்டும். தைத்த பிறகு அது சுருங்கினால் காட்சி முழுவதும் சுருக்கம் விழும்.

கேள்வி: பட்டு ஆர்கன்சா என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் பட்டுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின்மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பட்டானால் முடி கருகும் வாடை வரும், கரி விரலில் பொடியாகும். பாலியெஸ்டரானால் சுருங்கி உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி, ரேயான் ஆகியவை காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். நெடுக்கு நூலையும் குறுக்கு நூலையும் தனித்தனியாகச் சோதியுங்கள், ஏனெனில் கலப்பு நெசவில் ஒன்று பட்டாகவும் மற்றது பாலியெஸ்டராகவும் இருப்பதுண்டு. பட்டு இல்லை என்று தெரிந்தால், பட்டியலில் எழுதியிருந்ததைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதே சமயம், இந்தக் கலைக்குப் பாலியெஸ்டர் தாழ்ந்ததன்று. சூடுபட்டால் அதன் விளிம்பு உருகி அடைந்துகொள்வதால் நூல் பிரியாது. பட்டில் அந்த வசதி இல்லை.

கேள்வி: துணியை உருக்கிப் பாறை, மரப்பட்டை போன்ற மேற்பரப்பைக் கொண்டுவர ஹீட் கன் (மிகச் சூடான காற்றை வீசும் கருவி) வாங்க வேண்டுமா? முடி உலர்த்தி போதாதா?

பதில்: போதாது. பாலியெஸ்டர் உருகுவதற்கு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். முடி உலர்த்தி அந்த அளவுக்குச் சூடாவதில்லை. ஆனால் ஹீட் கன் வாங்குவதற்கு முன் டைவெக் உறை ஒன்றைத் தேடிப் பாருங்கள். கையால் கிழிக்க முடியாத, தாளைப் போலவே தோன்றும் சில வெள்ளை அஞ்சல் உறைகள் இந்தப் பொருளால் ஆனவை. இது பாலிஎத்திலீன் இழைகளால் செய்யப்படுவதால் சுமார் 135 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். வண்ணம் பூசி, கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்கள் இரண்டுக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மேலே லேசாக நகர்த்தினால் குமிழ் குமிழாக எழும்பிச் சுருங்கும். சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். இன்ன பிளாஸ்டிக் என்று தெரியாத எதையும் சூடாக்க வேண்டாம். பிவிசி கருகினால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும்.

கேள்வி: கையால் சாயமேற்றிய நூலுக்கு ‘சாயத் தரம் 5’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் வானத்தின் நீலம் வெளுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அந்த எண் எந்தச் சோதனைக்குரியது என்று முதலில் கேளுங்கள். சலவையில் சாயம் நிற்பதை அளக்கும் தரவரிசை 1 முதல் 5 வரை. அதில் 5 என்பது உச்சம். வெளிச்சத்தில் நிறம் நிற்பதை அளக்கும் நீலக் கம்பளி அளவுகோல் 1 முதல் 8 வரை. அதில் 5 என்பது நடுத்தரம். சுவரில் மாட்டும் படைப்பை யாரும் துவைக்கப்போவதில்லை, ஆகவே உங்களுக்குத் தேவையானது இரண்டாவது எண். அதைத் தர முடியாத விற்பனையாளரிடம் சிறிதளவே வாங்கி, அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைக் கெட்டியான தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் அந்த நூல் வானத்துக்கு ஆகாது. காட்சியின் தூரமே மெல்லிய வெளிர் நீல வேறுபாடுகளில்தான் இருக்கிறது; அவை சற்றே வெளுத்தாலும் மலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: வெட்டி வாங்கிய துணியின் நிறம் திரையில் பார்த்ததற்குப் பொருந்தவில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: உங்கள் அளவுக்கு வெட்டிக்கொடுத்த துணியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை, திரையில் நிறம் மாறித் தெரிவதைக் குறைபாடாகவும் ஏற்பதில்லை. அடுத்த முறை மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். இப்போது கையில் இருப்பதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அச்சிட்ட துணியின் பின்பக்கம் மங்கலாக இருப்பதால் அது தூரத்து மலைக்கு உதவக்கூடும்.