திராட்சைக் கவாத்துக் குச்சியில் இருக்கும் சத்தை எப்படிக் காப்பது?

கேள்வி: திராட்சைக் கொடியை வெட்டிச் சீராக்கும் கவாத்து முடிந்ததும் குச்சிகளைக் குவித்து எரித்துவிடுகிறோம். அவற்றில் மருந்துப் பொருள்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? நாமே எடுக்க முடியுமா?

பதில்: உண்மைதான். முற்றிய ஓராண்டுக் குச்சியில் ரெஸ்வெராட்ரால், வினிஃபெரின் என்ற ஸ்டில்பீன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. பூஞ்சணம் தாக்கும்போது கொடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிப்பவை இவை. உலர்ந்த குச்சி ஒரு கிலோவில் ரெஸ்வெராட்ரால் மட்டும், ரகத்தைப் பொறுத்து, சில நூறு மில்லிகிராம் முதல் சில கிராம் வரை கிடைக்கும்.

பலரும் கோட்டைவிடுவது வெட்டிய பிறகுதான். குச்சி வெட்டியதும் செத்துவிடுவதில்லை. ஈரம் இருக்கும்வரை அதன் செல்கள் காயத்துக்கு எதிராக ரெஸ்வெராட்ராலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் அன்றே வெயிலில் காயப்போட்டால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். தளர்வான கட்டுகளாகக் கட்டி, தரையில் படாமல், காற்றோட்டமான நிழலில் 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 6 வாரம் வையுங்கள். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் பூசணம் பிடிக்கும். பிறகு நிழலிலேயே நன்றாகக் காயவைத்துத் துகளாக்கி, வெளிச்சம் புகாத மூட்டையில் கட்டுங்கள். வெளிச்சம் பட்டால் ரெஸ்வெராட்ராலின் அமைப்பே மாறிவிடும்.

கட்டுவதற்கு முன் குச்சிகளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நல்ல குச்சியில் பட்டைக்கு அடியில் பச்சை வளையமும் உள்ளே வெளிர்நிறக் கட்டையும் தெரியும். ஆப்பு வடிவில் பழுப்புக் கறை இருந்தால் அது தண்டைக் காயவைக்கும் பூஞ்சண நோயின் அடையாளம். அவற்றை மட்டும் எரித்துவிடுங்கள்.

வீட்டில் கஷாயமாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். லிட்டர் தண்ணீரில் சுமார் 30 மில்லிகிராம் ரெஸ்வெராட்ரால்தான் கரையும். எத்தனால் கலந்த தண்ணீரில்தான் நன்றாக இறங்கும். அதைவிட முக்கியம், குச்சியில் ஒட்டியிருக்கும் தாமிரமும் பூச்சிமருந்தும் சாற்றோடு சேர்ந்து வந்துவிடும். சாறு எடுக்கும் ஆலைக்குக் கொடுப்பதே சரி. அங்கே முதலில் கேட்பது கடைசியாக எந்த மருந்தை, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதைத்தான். பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள்.

வாங்க ஆள் இல்லையென்றால் 2 முதல் 5 செ.மீ. துண்டுகளாக்கி மண்ணின்மேல் பரப்பி மூடாக்குப் போடலாம். பச்சையாக மண்ணுக்குள் புதைக்காதீர்கள். மட்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ள, கொடி மஞ்சளாகும். புதைத்தே ஆகவேண்டும் என்றால் சாணத்தோடு சேர்த்து முழுதாக மட்கவைத்த பிறகு போடுங்கள்.