பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் ஃபைபர்கிளாஸ் கிட் காருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

தாராளமாக அடிக்கலாம். ஆனால் பின்னால் பெயின்ட் உரிந்து வந்தால், பெரும்பாலும் காரணம் வார்ப்பு அச்சிலிருந்து பாடி சுலபமாகக் கழன்று வரப் பூசிய மெழுகுதான். அதைக் கரைப்பானால் துடைத்தெடுத்த பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள், முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு. துணியையும் அடிக்கடி மாற்றுங்கள்.

சரி, 180, 320 எண் உப்புத்தாள்களால் தேய்த்ததும் ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சான ஜெல்கோட்டில் ஊசித்துளைகள் தெரியும். அவற்றைக் கத்தி முனையால் கொஞ்சம் அகலப்படுத்திப் பட்டி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே சிக்கிய காற்று வெயிலில் விரிந்து கொப்புளமாகக் கிளம்பும். அப்புறம் எபாக்சி பிரைமர், 600 தாளில் தண்ணீர்த் தேய்ப்பு, நிறம்.

டூ-கே பெயின்ட் என்றால் கெட்டியாக்கும் ஹார்டனரைக் கலந்து அடிப்பது; அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஆஸ்துமாவே வரலாம். வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி இல்லாமல் அதை ஸ்பிரே செய்யாதீர்கள், தூசி முகமூடி போதவே போதாது.