மைன்கிராஃப்டில் (பிளாக் எனும் கனசதுரக் கட்டிகளை அடுக்கிக் கட்டும் வீடியோ கேமில்) ‘பில்ட் சேலஞ்ச்’ என்றால் என்ன? பிள்ளைகளுக்கு அது எதற்கு?

‘இதைக் கட்டு, ஆனால் இந்த நிபந்தனைக்குள்’ என்று கொடுக்கும் வேலைதான் பில்ட் சேலஞ்ச். 9க்கு 9 கட்டத்துக்குள் ஒரு வீடு, மூன்றே வகை பிளாக்கில் ஒரு பாலம், இந்த மாதிரி.

நிபந்தனை எதற்கு? கிரியேட்டிவ் மோடில் (இஷ்டப்படி கட்டி விளையாடும் முறையில்) பிளாக் தீரவே தீராது, பறக்கவும் முடியும். எல்லாமே கையில் இருந்தால் எதில் தொடங்குவது என்று பிள்ளைகள் திணறுவார்கள். கடைசியில் டிஎன்டி எனும் வெடிக்கும் பிளாக்கை வைத்து எதையாவது வெடிக்க வைப்பதில் போய் நிற்கும் (சரி, அதுவும் ஜாலிதான்). நிபந்தனை என்பது புள்ளிக் கோலம் மாதிரி: புள்ளி வைத்துவிட்டால் கை தயங்காது, ஆனாலும் அதே புள்ளிகளில் ஆளுக்கொரு கோலம் வரும்.

எனக்குப் பிடித்தது அளவு சேலஞ்ச். ஒரு பிளாக்கின் பக்கம் 1 மீட்டர் என்பதுதான் கணக்கு. அதனால் வீட்டு ஹாலை டேப் வைத்து அளந்து, அப்படியே விளையாட்டில் கட்டச் சொல்லலாம். உயரத்தில் அரை மீட்டர் மிஞ்சினால் ஸ்லாப் எனும் அரை உயர பிளாக் இருக்கிறது. நீளத்தில் 30 சென்டிமீட்டர் மிஞ்சினால்? அதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

சேலஞ்ச் என்றதும் நேரம் வைத்து, ஜெயித்தவர் தோற்றவர் பார்க்கும் போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து ஒரு வாரம் எடுத்துக் கட்டினாலும் அது சேலஞ்ச்தான்.