இருபது சதவீதச் சூறாவளி

வணக்கம் அண்ணை,

முல்லைத்தீவு முத்தையன்கட்டில் நாலு ஏக்கர் காலபோக (மாரிப் போக) நெல் செய்கிறேன். மாரி தொடங்கினால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று பெடியள் விண்டி என்ற வானிலைச் செயலியில் படம் எடுத்துப் போடுவார்கள். போன மாரியில் "பத்து நாளில் சூறாவளி" என்று ஒரு சிவப்புச் சுழி. அதை நம்பி யூரியா எறியாமல் ஒரு கிழமை பொறுத்தேன். வெயில்தான் எறித்தது. ஃப்ளோரிடாவில் இருக்கும் மச்சான் சொல்கிறான், அங்கே ஆபிரிக்காவில் ஒரு காற்றலை புறப்பட்டாலே 20 சதவீதம், 60 சதவீதம் என்று கணக்குச் சொல்லிவிடுவார்களாம். எங்களுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? இந்தப் பெடியளை நம்புவதா, குழுவை விட்டு விலகுவதா?

ஒரு கமக்காரன்

தம்பிக்கு வணக்கம்.

பெடியன் வயது எப்போதோ தாண்டிவிட்டது என்றாலும் நானும் அந்தக் கூட்டம்தான். மார்கழியில் இரவு பத்து மணிக்கு அமெரிக்கர்களின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி வானிலைக் கணிப்பு புதிதாக வரும்வரை நித்திரை வராது. சில வருடங்களுக்கு முன் பன்னிரண்டு நாள் தள்ளி ஒரு சுழியைக் கண்டு அக்காவுக்கு போன் எடுத்துவிட்டேன். நாள் நெருங்க, பட்டியில் நின்ற மாடுகள் அத்தனையையும் கொண்டுவந்து முற்றத்தில் கட்டி, நாலு இரவு காவல் இருந்தார். முருங்கை இலைகூட ஆடவில்லை. இன்றைக்கும் நான் படலையைத் திறந்தால் "சூறாவளி வருது" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார்.

ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நாலு தரம், 16 நாள் வரைக்கும் படம் கீறுகிறது. தொடக்கத்தில் காற்றின் அளவில் இருக்கிற ஒரு சின்னப் பிழை பத்தாம் நாளில் சூறாவளியாக வளர்ந்து நிற்கும், அடுத்த தரம் கணக்குப் போடும்போது காணாமல் போகும். ஆகவே பெடியள் பொய் சொல்லவில்லை, படம் எடுத்த நேரத்தில் அந்தச் சுழி அங்கே இருந்தது. ஆறு மணித்தியாலம் கழித்து அது காணாமல் போனதையும் போட்டிருக்க வேண்டும். அதை யாரும் போடுவதில்லை. நானும் அக்காவுக்கு இரண்டாவது தரம் போன் எடுக்கவில்லை.

மச்சான் சொல்லும் சதவீதத்துக்கு வருவோம். ஆபிரிக்கக் கரையிலிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 60 அலைகள் அத்திலாந்திக்கில் இறங்குகின்றன. பெரும்பாலானவை ஒன்றும் ஆகாமல் கரைந்துவிடும். மியாமியில் உள்ள தேசிய சூறாவளி மையம், கண்ணில் படுகிறவற்றுக்கு இரண்டு நாளுக்குள் என்று ஓர் எண்ணும் ஏழு நாளுக்குள் என்று ஓர் எண்ணும் கொடுக்கும். அந்த எண் அது சுழன்று, சூறாவளிக்கு முந்தின படியான தாழமுக்கமாக உருவாகுமா என்பதற்கு மட்டும். மச்சான் வீட்டுப் பக்கம் வருமா என்பது வேறு கணக்கு. 20 என்றால் அப்படியான ஐந்தில் ஒன்று உருவாகும். மற்ற நாலும் உருவாகாதபோது ஒருவரும் மையத்தைத் திட்டக் கூடாது.

எங்களுக்கும் இருக்கிறது தம்பி. வங்காள விரிகுடாவுக்குப் பொறுப்பான பிராந்திய மையம் புதுடில்லியில். அடுத்த ஏழு நாளுக்கும் வாய்ப்பு இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று நாள்வாரியாக ஓர் அட்டவணை தருகிறது. ஆங்கிலத்தில், படமில்லாமல் கிடக்கும். அதனால் வாட்ஸ்அப்பில் ஓடாது.

சூறாவளி பிறக்கக் கடல் 26.5 பாகையாவது சூடாக இருக்க வேண்டும். எங்கள் கடலில் அதற்குப் பெரும்பாலும் குறைவில்லை. காரியத்தைக் கெடுப்பது மேல்காற்று. கீழே வாடை ஒரு பக்கம் இழுக்க மேலே வேறொரு காற்று வேறு பக்கம் தள்ளினால் முகில்கூட்டம் நிமிர்ந்து நிற்காது, அவசரத்தில் அடுக்கி வைத்த நெற்கதிர்ச் சூடு மேற்பாதி சரிவதுபோலச் சரிந்துவிடும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் சூறாவளி இப்படித்தான் போக்குக் காட்டியது. (பெங்கல் என்றும் எழுதினார்கள். பெயரிலேயே ஒற்றுமை இல்லை.) இன்று சூறாவளியாகும், நாளை ஆகும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் 29ஆம் திகதிதான் ஆனது. அதற்கு முன்பே, வெறும் ஆழ்ந்த தாழமுக்கமாக எங்கள் கிழக்குக் கரையோரம் அது ஊர்ந்த நாட்களில் வன்னி வயல்கள் தண்ணீருக்குள் போய்விட்டன.

2018ஐ நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது பெயர் வைத்த சூறாவளி எதுவும் எங்கள் கரையில் நிற்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, டிசம்பர் 2 இரவு, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் பெயரோடு கரையேறிய புரெவிக்கு எவ்வளவு பயந்தோம்! சூறாவளி ஆகுமா ஆகாதா என்று இரவிரவாகப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு, மறைக்க மாட்டேன். கமக்காரனுக்குத் தேவை மழை எங்கே, எத்தனை மணித்தியாலம் நின்று பெய்யும் என்பது. யூரியா எறிய அடுத்த இரண்டு மூன்று நாள் மழையைப் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு தமிழிலும் வருகிறது. ஐந்து நாளுக்கு அப்பால் யார் சுழி காட்டினாலும், நான் காட்டினாலும், ரசித்துவிட்டு வயலுக்குப் போங்கள்.

குழுவை விட்டு விலகாதீர்கள். அந்தப் பெடியளிடம் ஒரு மழைமானி வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு அளந்து எழுதினால் போதும். ஒரு ஏக்கரில் 100 மில்லிமீற்றர் பெய்தால் நாலு இலட்சம் லீற்றர் தண்ணீர். அது குளத்துக்குத் தண்ணீர் வரும் மேற்பக்கத்தில் விழுந்ததா, குளத்தைத் தாண்டிய கீழ்ப்பக்கத்தில் விழுந்ததா என்பதை எந்தச் சிவப்புச் சுழியும் சொல்லாது. இரணைமடுக் குளத்தையே எடுங்கள். கிளிநொச்சி நகரில் வெயில் எறிக்கும்போதும் குளம் ஏறும், ஏனென்றால் கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்து மழையைக் கொண்டுவருகிறது. நாங்கள் சிலர் அளந்து பகிர்ந்துகொள்கிறோம். கனகராயன்குளத்தில்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இருந்தால் ஐப்பசிக்கு முன் சொல்லுங்கள், மானியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.