வாசகர் கேள்வி – பதில்: மதியச் சோறும் மேசைத் தோழமையும்

கேள்வி: நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மதியம் ஆறு பேர் ஒன்றாக அமர்ந்து உண்பது வழக்கம். நான் கொண்டுபோகும் மரச்சீனி மயக்கியதும் (மரவள்ளிக்கிழங்கு மசியல்) மீன்கறியும் மூடியைத் திறந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகின்றன. எனக்கு மிஞ்சுவது பிறருடைய தயிர்ச்சோறுதான். வாய் திறந்து சொன்னால் கருமி என்பார்களோ என்று தயங்குகிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தக்கலை

பதில்: மயக்கிய மரச்சீனியை நடுவில் வைத்துவிட்டுப் பிறர் அளவாக எடுப்பார்கள் என்று நம்பியது உங்கள் பிழை, சகோதரி. நம் ஊர்க் கலியாணப் பந்தியில் அவியலும் எரிசேரியும் பரிமாறுகிறவர் கரண்டியிலிருந்து இலைக்கு வருகின்றனவே தவிர, இலையின் முன் அமர்ந்தவர் எவரும் வாளிக்குள் கைவிடுவதில்லை. அந்த முறையையே அலுவலக மேசைக்கும் கொண்டுவாருங்கள். உங்களுக்குரிய கறியை வீட்டிலேயே சோற்றுப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கென்று ஒரு சிறிய டப்பாவில் தனியே எடுத்துச்சென்று, ஒரு கரண்டியுடன் நீங்களே பரிமாறிவிடுங்கள். எச்சில் கை டப்பாவுக்குள் போவதும் இதனால் நின்றுவிடும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குக் கடற்பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், முட்டம் உள்ளிட்ட மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் இருப்பதால், அந்த மாதங்களில் மீன் விலை எங்கே போய் நிற்கும் என்பது உங்கள் தோழியருக்கும் தெரியும். அப்போது மேசைக்குரிய டப்பாவில் பயறு துவரனோ (பொரியல்) சம்மந்தியோ (தேங்காய்த் துவையல்) இருந்தால் யாரும் உங்களைக் கருமி என்று சொல்லப்போவதில்லை.

கேள்வி: சென்ற மாதம் என் மனைவி வைத்த சூரைமீன் கறியை அலுவலகத்தில் நான்கு பேர் பகிர்ந்து உண்டோம். அரை மணி நேரத்துக்குள் மூன்று பேருக்கு முகம் சிவந்து, உதடு அரித்து, தலைவலியும் வந்தது, மாலைக்குள் சரியாகிவிட்டது. கறியில் கெட்ட வாடையோ புளிப்போ இல்லை. சமையலைக் குறை சொல்கிறார்கள். மனைவி மனம் நொந்துவிட்டார்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் உங்கள் மனைவியிடம், இது அவருடைய கைப்பக்குவத்தின் குற்றமாக இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லுங்கள். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உண்டு. பிடித்த மீன் போதிய ஐஸ் இல்லாமல் படகிலோ சந்தையிலோ வீட்டு முற்றத்திலோ சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதை, முகச் சிவப்பும் அரிப்பும் தலைவலியும் உண்டாக்கும் ஹிஸ்டமின் ஆக்கிவிடுகின்றன. இப்படி உண்டான ஹிஸ்டமின் எவ்வளவு கொதித்தாலும் அழிவதில்லை. புளி கூட்டினாலும், மறுநாள் சுண்டவைத்தாலும் அப்படியே இருக்கும். ‘பழைய மீன்கறிக்குத்தான் ருசி’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு (எனக்கும்தான்) இது சற்றுக் கசப்பான செய்தி. வாடை மாறாமலேயே இவ்வாறு நேரலாம் என்பதால் மூக்கை மட்டும் நம்பியும் பயனில்லை.

இது ஒவ்வாமையா என்று நீங்கள் ஐயுறலாம். ஒரே கறியை உண்ட நால்வரில் மூவருக்கு ஒரே நேரத்தில் வந்திருப்பதால் ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வாமை பெரும்பாலும் ஒருவரைத்தான் பிடிக்கும். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் எதுவென்று ஆராய்ந்துகொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இனி மீனை ஐஸில் இருப்பதைப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்தவுடன் கழுவிக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றைப் பகிரும் நாளில் மூடியைத் திறக்கும் முன்பே பெயரைச் சொல்லிவிடுங்கள். அவை ஒவ்வாத ஒருவர் உங்கள் மேசையில் இருக்கலாம்.

அவியலைப் பற்றியும் ஒரு சொல். பச்சைத் தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியலைக் காலை ஆறு மணிக்குச் சூடாக மூடி, பேருந்தில் கொண்டுபோய், ஒரு மணிக்குத் திறந்தால் வெயில் காலத்தில் அது நூல்விட்டிருக்கக்கூடும். தேங்காயைக் கறுக்க வறுத்து அரைத்த தீயல் அத்தனை எளிதில் கெடாது. வெகுதூரம் செல்வோர் பகிர்வதற்குத் தீயலையே தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: எங்கள் மேசையில் ஒருவர் எல்லோரிடமும் கறி வாங்குவார், ஒரே ஒருவரிடம் மட்டும் வாங்கமாட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நான் என்ன செய்யலாம்?
– வாசகர், அகஸ்தீஸ்வரம்

பதில்: வயிற்றுக்கு ஒவ்வாது, நோன்பு, நாவுக்குப் பிடிக்காது என்று ஒருவர் மறுத்தால் காரணம் கேட்க நமக்கு உரிமையில்லை. சமைத்த கை எந்தச் சாதி என்று பார்த்து மறுப்பது வேறு. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சாமிதோப்பில், ஐயா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் இறைக்க முத்திரிக் கிணறு வெட்டி, அவர்களை ஒரே பந்தியிலும் அமர்த்தினார். வாங்க மறுப்பவரோடு மேசையில் வாதிட்டால், ஒதுக்கப்பட்டவருக்கு எல்லோர் முன்னிலையிலும் மேலும் கூச்சமே உண்டாகும். ஆகவே அந்தப் பேச்சைத் தனியே வைத்துக்கொண்டு, நாளை அந்த நண்பரின் அருகில் அமர்ந்து, அவர் கொண்டுவந்த கறியை முதலில் நீங்கள் கேட்டு வாங்கிச் சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள்.