புது பிராசசருக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் லேப்டாப் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. 4கே வீடியோவை எடிட் செய்தால் திணறுகிறது. புதிது வாங்கலாம் என்று பார்த்தால், இன்டெலும் ஏஎம்டியும் போட்டி போட்டுக்கொண்டு அடுத்த தலைமுறை பிராசசர் வருகிறது என்கின்றன. காத்திருக்கலாமா? இரண்டில் எது நல்லது?

பதில்: வேலை நிற்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். மேடையில் அறிவிக்கும் நாளுக்கும் அந்த பிராசசர் உள்ள லேப்டாப் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் சில மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் அடுத்த நிறுவனம் தன்னுடையதை அறிவித்துவிடும். காத்திருப்பதற்கு முடிவே இருக்காது.

போட்டியால் நமக்குப் பலன் உண்டு, பெரிய பலன். சாதாரண டெஸ்க்டாப்புக்கான இன்டெல் பிராசசர்கள் ஏறத்தாழ பத்தாண்டுகள் நான்கு கோரைத் தாண்டவே இல்லை (கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் கொண்ட ரைசன் பிராசசரை இறக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலிடமிருந்து ஆறு கோர் வந்துவிட்டது. அன்று தொடங்கிய ஓட்டத்தின் பலன்தான் இப்போது விற்பனையில் இருப்பவை. ஏழு வருடப் பழைய மெஷினிலிருந்து வரும் உங்களுக்கு இதுவே பெரிய பாய்ச்சல்.

எனக்குக் கவலையெல்லாம் பெயர்களைப் பற்றித்தான். புது எண் ஒட்டியிருப்பதெல்லாம் புது பிராசசர் இல்லை. ஏஎம்டியின் ஏழாயிரம் வரிசை லேப்டாப் பிராசசர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யூ என்றால் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 என்ற வடிவமைப்பு. 7640யூ என்றால் ஜென் 4. முதலாவதில் நான்கு கோர், இரண்டாவதில் ஆறு. ஆனால் இரண்டின் மேலும் ரைசன் 5 என்றே போட்டிருக்கும்! இன்டெலும் சளைத்ததில்லை: 2024-இல் வந்த 'கோர் 7 150யூ' (இங்கே கோர் என்பது பிராண்டு பெயர்), உள்ளே 13ஆம் தலைமுறை வடிவமைப்புதான். அதனால் முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் வடிவமைப்பு எந்த ஆண்டுடையது என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம், ஒரே பிராசசர் எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. மெல்லிய உடலில் சூடு ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விமர்சனங்களில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ரேம் பல மாடல்களில் மதர்போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. முதலிலேயே 32 ஜிபி எடுத்துவிடுங்கள்.

சரி, எது நல்லது? உங்கள் வேலையைப் பொறுத்தவரை அதை உங்கள் கேமராதான் முடிவு செய்யும். பல மிரர்லெஸ் கேமராக்கள் எச்.265 என்ற வீடியோ சுருக்க வடிவில் 10 பிட், 4:2:2 நிறத் தகவலோடு (4:2:0-ஐ விட அதிக நிற விவரம்) பதிவு செய்கின்றன. இன்டெல் லேப்டாப் பிராசசர்களின் கிராபிக்ஸ் பகுதி இதைப் பல வருடமாக நேரடியாகவே டீகோட் செய்கிறது, அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டுகிறது. ஏஎம்டியில் அந்த வசதி நெடுநாளாக இல்லாததால், கோர்கள் எத்தனை இருந்தாலும் டைம்லைன் திக்கித் திக்கி நகரும். தனியாக என்விடியா 50 வரிசை கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் வீடியோ ஒன்றைத் திறந்து, 'குரோமா சப்சாம்பிளிங்' என்ற வரியைப் பாருங்கள். 4:2:2 என்றிருந்தால் இன்டெல் அல்லது அந்த கார்டு. 4:2:0 என்றிருந்தால் இரண்டு நிறுவனத்தில் எதுவானாலும் தயங்காமல் எடுக்கலாம்.